மாமி நலம் விசாரித்த கார்

ஐம்பதுகளில் நான் கந்தோர் கிளாக்கர். கடல் நாள் முழுக்கக் கத்திக்கொண்டிருக்கிற ஊரில் கடதாசிகளுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தவன். கால் ஓரிடத்தில் தரிக்காது. பதுளைப் பக்கத் தோட்டத்துத் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது விட்டுப்போன பச்சைக் கார் என் கைக்கு வந்தபோது முதுகில் சிறகு முளைத்த மாதிரி இருந்தது. கொஞ்சம் துருப்பிடித்த சிறகு.

கலியாணம் முடித்தால் மாப்பிள்ளை பெண் வீட்டில் போய் இருப்பது எங்கள் வழக்கம். நானும் காரும் சாய்ந்தமருதில் மனைவி வீட்டுக்குக் குடிபோனோம். மாமியும் மருமகனும் நேருக்கு நேர் கதைப்பதில்லை என்பதும் வழக்கம்தான். ஒரு வருடமாக மாமியின் கையால் சாப்பிட்டேன். முகத்தை முழுதாகப் பார்த்ததில்லை. எங்களுக்கிடையில் ஒரு கதவு. கதவுக்கு அந்தப் பக்கம் வளையல் சத்தம். வளையல் சொன்னதை மனைவி என்னிடம் கொண்டுவருவாள்.

அவளுக்குத் தலைப்பிள்ளை, ஒன்பதாம் மாதம். வயிற்றைத் தடவிப் பார்த்த மருத்துவிச்சி, "புள்ள தல திரும்பல்ல. வீட்டில வெச்சிப் பாக்கிற வேல இல்ல இது. நோ தொடங்கின கையோட மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருங்க" என்றாள். மட்டக்களப்பு இருபத்தைந்து மைலுக்கு மேல். நான் முற்றத்தைக் கைகாட்டி, "கார் இரிக்கி" என்றேன்.

அடுத்த நாளே காருக்கு வருத்தம் வந்தது. நின்ற இடத்தில் நிற்கும்போது குளிர்காய்ச்சல்காரன் மாதிரி உடம்பெல்லாம் நடுங்கியது. மிதித்தால் ஓடவில்லை, இருமியது, யோசித்தது, பிறகு மனமில்லாமல் நகர்ந்தது. கூடை கட்டிய மீன்காரனின் சைக்கிள் என்னைக் கடந்துபோனது. அவன் திரும்பிப் பார்த்து, "தள்ளணுமா?" என்று அக்கறையோடு கேட்டான்.

"இஞ்சருங்க, வாடகைக் கார் ஒண்டுக்குச் சொல்லி வைப்பமா எண்டு உம்மா கேக்காங்க" என்றாள் மனைவி.

"என்ட கார் முத்தத்தில நிக்கக்குள்ள வாடகைக் கார் என்னத்துக்கு? ரெண்டு நாளையில சுகமாகிரும் எண்டு சொல்லு." கதவுக்கும் கேட்கிற மாதிரியே சொன்னேன்.

கல்முனையில் வாகை மர நிழலில் கார் திருத்துகிற ஒரு பாஸ் இருந்தார். ஒரு தடியின் நுனியை எஞ்சினில் ஊன்றி, மறுநுனியைக் காதில் வைத்துக் கண்ணை மூடினார். எஞ்சின் ஓட ஓட பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கழற்றி மாட்டினார்.

"நாலு பேர் வரம்பு கட்டுற இடத்தில ஆர் சும்மா நிக்கான் எண்டு பாக்கிற வேல இது, கிளாக்கர். ஒருத்தன நிப்பாட்டினா சத்தம் மாறணும். மாறல்ல எண்டா அவன்தான் கள்ளன்."

மூன்றாமவன் கள்ளன். பிளக்கில் அடுப்புக்கரி மாதிரிக் கறுப்பு. சுரண்டித் துடைத்துப் பூட்டியதும் கார் விடியல் வெள்ளாப்பில் தோணி வழுக்குவது போல வீதியில் வழுக்கியது. வீட்டுக்கு வந்து இறங்கும்போது நான் கொஞ்சம் உயரமாகக்கூட இருந்திருப்பேன்.

"காருக்கு இப்ப எப்பிடி எண்டு உம்மா கேக்காங்க."

"சுகம் எண்டு சொல்லு."

காலையில் மறுபடி நடுக்கம். முதல் நாளைவிட மோசம். பாஸ் இம்முறை காபரேட்டரைத் திறந்து, அதன் கிண்ணத்தில் கிடந்ததை மணலில் கொட்டி, ஊசித் துளைகளை வாயால் ஊதினார். குப்பை அடைத்திருக்கும் என்றார். ஒரு நாள் நன்றாக ஓடியது. அதற்கடுத்த காலை ஒரு சின்ன மதகின் முதுகை ஏறமாட்டாமல் பின்னால் உருண்டது. வரிப்பத்தான்சேனையிலிருந்து வைக்கோல் ஏற்றி வந்த மாட்டுவண்டி ஒதுங்கி எனக்கு முன்னால் போனது. மாடுகள்கூட ஏதோ நினைத்துக்கொண்டு போன மாதிரிப் பட்டது.

மாமி தினமும் நலம் விசாரித்தாள். மனைவியின் வயிறு தினமும் இறங்கியது. வாடகைக் காருக்குச் சொல்லலாம். ஆனால் கதவுக்குக் கேட்கச் சொன்ன வாயை என்ன செய்வது? அவள் தூக்கத்தில் முனகினாலும் எனக்கு அந்த மதகு ஞாபகம் வந்தது.

மூன்றாம் முறை பாஸ் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"இஞ்ச வந்தா சுகம், வீட்ட போனா வருத்தம். உங்கட காருக்கு மாமி வீட்டுச் சாப்பாடு ஒத்து வரல்ல போல."

சொல்லிவிட்டு டாங்கியின் அடியிலிருந்து ஒரு சோடாப் போத்தலில் பெற்றோல் பிடித்து வெயிலில் தூக்கிக் காட்டினார். போத்தலுக்குள் இரண்டு கடல்கள். மேலே ஒன்று மஞ்சளாக மினுங்கியது. கீழே இன்னொன்று நிறமில்லாமல், அசையாமல் கிடந்தது.

"கீழ கிடக்கிறது தண்ணி."

மாரி தொடங்க இன்னும் இரண்டு மாதம். மழையில்லை. நேரே பெற்றோல் கடைக்குப் போய்ச் சண்டை பிடித்தேன். கடைக்காரர் ஒரு போத்தலில் தன்னுடையதைப் பிடித்துக் காட்டினார். ஒரே நிறம்.

"சந்தேகமெண்டா வேற கடையப் பாருங்க" என்றார். கிட்டடியில் வேறு கடை இல்லை.

வீட்டுக்கு வந்து முற்றத்தில் நின்று சத்தம் போட்டேன். "ஆரோ ஒருத்தன் டாங்கிக்குள்ள தண்ணி ஊத்தி இரிக்கான்."

கதவுக்குப் பின்னால் வளையல் நின்றது. மனைவி உள்ளே போனாள். நெடுநேரம் குசுகுசுப்பு. வெளியே வந்தபோது அவள் முகம் ஒரு நிலையில் இல்லை.

"அந்தத் தண்ணி காணாதா, இன்னும் ஊத்தணுமா எண்டு உம்மா கேக்காங்க."

"எந்தத் தண்ணி?"

விஷயம் இதுதான். நான் வாடகைக் காரை மறுத்த அன்றே மாமி பள்ளிவாசல் லெப்பையிடம் ஆள் அனுப்பியிருக்கிறாள். ஆருக்கு வருத்தம் என்று சொல்லவில்லை. வீட்டில் ஒருவருக்கு உடம்பு நடுங்குகிறது, இருமல், நடந்தால் மூச்சு வாங்குகிறது என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். லெப்பை தண்ணீர் ஓதிக்கொடுத்து, ஏழு நாள் பொழுதுபட்டு மஃரிபுக்குப் பிறகு ஒரு கோப்பை குடிக்கக் கொடுங்கள் என்றிருக்கிறார். நான் தொழப் போகிற நேரம் மாமி பிஸ்மி சொல்லி, கார் எந்த வாயால் குடிக்கிறதோ அந்த வாயால் கொடுத்திருக்கிறாள். நான் சுகம் என்று சொன்ன நாட்களிலும் நிறுத்தவில்லை. மருந்தை இடையில் விட்டால் வருத்தம் திரும்பும் அல்லவா? திரும்பியதும் கோப்பையைச் செம்பாக்கி, முந்தின மாலையோடு ஏழு நாளையும் முடித்திருக்கிறாள்.

எனக்குக் கோபம் வரவேண்டிய இடத்தில் என்ன வந்தது என்று இன்றும் தெரியவில்லை. மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "சிரிக்க வெக்காதீங்க, இஞ்சயே பெத்திருவன்" என்றாள். டாங்கியைக் கழற்றி, கவிழ்த்து, வெயிலில் காயவைத்தோம். பாஸிடம் நான் காரணம் சொல்லவில்லை. அவர் அந்தக் கடைக்காரரைக் கடைசிவரை நம்பவில்லை.

நாலாம் நாள் மத்தியானம், லுஹருக்குப் பிறகு நோ கண்டது. மாமி முதன்முதலாக என் காரில் ஏறினாள். பின்னால் மகளின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். எங்களுக்கிடையில் கதவு இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. மரியாதைக்குப் பின்பார்க்கும் கண்ணாடியைக் கூரைப்பக்கம் திருப்பிவிட்டேன். மருதமுனை போனது. தறிச் சத்தம் போனது. கல்லாற்றுப் பாலத்தின் ஏற்றத்தில், பழைய பயத்தில், என் கால் தானாகத் தளர்ந்தது.

பின்னாலிருந்து ஒரு குரல், ஒரு வருடத்தில் என்னிடம் நேரே வந்த முதல் குரல்:

"அமத்தி மிதிங்க, மகன். அது இப்ப போகும். ஏழு நாளும் முடிஞ்சிதானே."

அமத்தி மிதித்தேன். போனது. இரண்டு பக்கமும் வாவி வெள்ளித்தகடாக விரிந்து கிடந்தது. 

மகள் கால் முந்தி வந்தாள். ஆனால் சுகமாக வந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் நான் செய்த முதல் வேலை, பெற்றோல் மூடிக்கு ஒரு பூட்டுப் போட்டது. அந்த வீட்டில் சாவி என்று எது இருந்தாலும் மாமியின் இடுப்பு வளையத்துக்குத்தான் போகவேண்டும். மனைவி கையை நீட்டினாள். கொடுத்துவிட்டேன்.