வானுக்குள் தண்ணீர் இறைத்த மாரி

எங்கள் வீட்டு வளவுக்குள் ஒரு வான் நின்றது என்று சொன்னால் இன்றைக்கு யாரும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள். சண்டைக் காலத்தில் அது பெரிய விஷயம். மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே, எழுவான்கரையில் எங்கள் ஊரில் கார் வைத்திருந்தவர்களை ஒரு கையில் எண்ணிவிடலாம். வான் வைத்திருந்தவர் என் கணவர் ஒருவர்தான். பெருமை அடிக்கிறாள் என்று நினைக்கவேண்டாம். வானைக் கிட்டப் போய்ப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெருமையெல்லாம் அதன் தகரத்தைப் போலவே பொலபொலவென்று உதிர்ந்துவிடும்.

பட்டணத்தில் ஒரு பேக்கரிக்காரர் பாண் விற்க வைத்திருந்த வான் அது. அவர் வேண்டாமென்று கழித்ததை இவர் வாங்கினார். மரச்சட்டத்தின்மேல் தகரம் அடித்த உடம்பு. பாண் ஏற்றிய காலத்தில் நன்றாகத்தான் இருந்திருக்கும். இவர் அதில் மீன் ஏற்றினார். விடிகிறதுக்கு முதல், வாவி மீனைக் கூடை கூடையாக அடுக்கிக்கொண்டு கிரான் பக்கம் போவார். வரும்போது நெல் மூட்டை வரும், பூசணிக்காய் வரும், சில நாளில் கதிரவெளிக் கருவாடும் வரும். மீன் கூடையிலிருந்து வடிகிற உப்புத் தண்ணீர் தகரத்துக்கு எமன். மூன்று வருடத்தில் வான் முழுக்கக் கறள். துருவை நாங்கள் கறள் என்றுதான் சொல்வோம். அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்கு இப்போதும் பல் கூசும்.

அந்த வான் இவருக்கு என்னவாக இருந்தது என்பதைச் சொல்லாவிட்டால் மற்றதெல்லாம் விளங்காது. எங்கள் பகுதியில் வீடு பெண்ணுக்குத்தான். ஆண்பிள்ளைகள் உழைத்து, தங்கைக்கு ஒரு வீட்டைக் கட்டிக் கொடுத்துவிட்டுத்தான் தங்கள் கலியாணத்தைப் பற்றி நினைக்கலாம். கலியாணம் முடிந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மனைவி வீட்டுக்குப் போய்விடவேண்டும். இவரும் அப்படி வந்தவர்தான். தன் தங்கைமாருக்கு வீடு கட்டிக் கொடுத்துவிட்டு, ஒரு தகரப் பெட்டியோடு என் வீட்டுக்கு வந்தார். வீடு என் பெயரில். கிணறும் தென்னைகளும் என் பெயரில். வட்டை என்கிற வயல்வெளிக்குள் இருந்த துண்டும் என் பெயரில். அதை என் அண்ணன் பார்த்துக்கொண்டார். அந்த வளவுக்குள் இவருடையது என்று கை வைத்துச் சொல்ல அந்த வான் மட்டும்தான் இருந்தது. அது ஓடாவிட்டால் அண்ணனுக்குக் கூடமாட நிற்க இவரும் வயலுக்குப் போகவேண்டியதுதான். அதில் ஒரு கேவலமும் இல்லை. ஊரில் பாதி ஆம்பிளைகள் அப்படித்தான் இருந்தார்கள். ஆனால் இவர் பின்னேரத்தில் ஒரு பழந்துணியை எடுத்துக்கொண்டு வானைத் துடைக்கிறதைப் பார்த்தவளுக்குத் தெரியும், அப்படி ஒரு நாள் வந்தால் மனிதன் உடைந்துபோவார் என்று.

வாகனங்களைப் பார்த்து ஓட்ட அனுமதி கொடுக்கிற அதிகாரி போன தடவையே சொல்லிவிட்டார், இந்தத் தரையோடும் இந்தக் கதவுகளோடும் வானை அடுத்த தடவை தனக்குக் காட்டவேண்டாம் என்று. நான் நம்பாமல், பின்பக்கத் தகரத்தை விரலால் ஒரு அழுத்து அழுத்திப் பார்த்தேன். விரல் உள்ளே போய்விட்டது. அப்பளத்தைக்கூட அதைவிடக் கொஞ்சம் பலமாக அழுத்தவேண்டும்.

அப்போதுதான் அண்ணன் வந்து சேர்ந்தார். அண்ணன் தோணி கட்டுகிற ஓடாவி. வாவியில் ஓடுகிற தோணிகளில் அவர் கை படாதது குறைவு. நாங்கள் இருந்த வீட்டையும் கல்லிலிருந்து கூரை வரைக்கும் தன் கையால் கட்டியவர் அவர்தான். வானை ஒருமுறை சுற்றி வந்தார், அங்கங்கே தட்டிப் பார்த்தார்.

"தோணிய விடவா இது பெரிய வேலை? விடுங்க மச்சான், நான் பாக்கிறன்" என்றார்.

"ஓம் மச்சான்" என்றார் இவர்.

வேலை என்றால் வேலை. அண்ணன் பாதி செய்கிறவர் அல்ல. உளியாலும் கல்லாலும் கறளைச் சுரண்டினார்கள். வளவு மண்ணே சிவந்துவிட்டது. உக்கிப்போன தகரத்தை வெட்டி எடுத்தார்கள். சண்டைக் காலத்தில் புதுத் தகரத்துக்கு எங்கே போவது? ரோட்டுக்குத் தார் ஊற்றுகிற பீப்பாய் ஒன்றை அண்ணன் உருட்டிக்கொண்டு வந்தார். எங்கிருந்து என்று நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அதைப் பிளந்து, மணலில் போட்டு, மரச் சுத்தியலால் அடித்து அடித்துத் தட்டையாக்கி, வானின் தரைக்கும் கதவுகளின் அடிக்கும் ஒட்டுப் போட்டார். பிறகு தோணிக்குச் செய்கிறதையே வானுக்கும் செய்தார். பொருத்துகளில் பஞ்சைத் திணித்து, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிச் சுடச்சுட ஊற்றி அடைத்தார். பெரிய ஓட்டை, சின்ன ஓட்டை, ஆணி போன இடம் என்று ஒன்றையும் விடவில்லை. தோணிக்காரனுக்கு ஓட்டை என்றால் பகையாளி. கண்ட இடத்தில் அடைக்காவிட்டால் அவனுக்கு நித்திரை வராது.

இவர் பக்கத்தில் நின்று, கேட்டதை எடுத்துக் கொடுத்தார். ஒரு தடவை மட்டும், தரையின் மூலையில் அண்ணன் குங்கிலியம் ஊற்றக் குனிந்தபோது, இவர் வாயைத் திறந்து மூடியதை நான் கண்டேன். தும்மல் வந்து நின்றுவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அதிகாரி பார்க்க வந்த நாள் ஒரு திருவிழா. நீலப் பெயின்ட் அடித்து, வான் மாப்பிள்ளை மாதிரி நின்றது. அண்ணனுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. கிணற்றிலிருந்து வாளியில் தண்ணீர் அள்ளி வந்து, வானின் தரையில் கவிழ்த்தார். இன்னொரு வாளி. இன்னொன்று.

"ஒரு சொட்டு ஒழுகினா என்னக் கேளுங்க ஐயா."

அதிகாரி குனிந்து பார்த்தார். வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்த அயலவர்களும் குனிந்து பார்த்தார்கள். ஒரு சொட்டும் இல்லை. எல்லோரும் ஆரவாரம் செய்தார்கள், நானும்தான். அனுமதி கிடைத்தது. அன்றைக்கு நான் அண்ணனுக்கு இறால் குழம்பு வைத்தேன். இவர் அதிகம் சாப்பிடவில்லை. மனிதனுக்குச் சந்தோஷத்தில் பசியில்லை என்று அதற்கும் நானே ஒரு காரணம் கண்டுபிடித்தேன்.

பிறகு மாரி வந்தது. மட்டக்களப்பு மாரியை அறிந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வாவி நிரம்பி, வளவு நிரம்பி, அடுப்பு விறகும் நனைந்து கிடந்த ஒரு விடியற்காலை, இவர் எழும்பிப் போய் வெகுநேரமாகியும் வான் கிளம்புகிற சத்தம் கேட்கவில்லை. என்னவென்று பார்க்கப் போனேன். பின்கதவு திறந்து கிடந்தது. இவர் உள்ளே குந்தியிருந்து, ஒரு தேங்காய்ச் சிரட்டையால் தண்ணீரை அள்ளி வெளியே ஊற்றிக்கொண்டிருந்தார்.

எனக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது. தோணிக்குள் தண்ணீர் இறைக்கிறவர்களைப் பிறந்த நாள் முதல் பார்த்திருக்கிறேன். வானுக்குள் தண்ணீர் இறைக்கிறவரை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"என்ன செய்யிறீங்க?"

"மெல்லப் பேசு புள்ள."

"ஏன் இவ்வளவு தண்ணி நிக்குது?"

"போறதுக்கு வழியில்ல. அதான் நிக்குது."

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விஷயம் இவர் வாயிலிருந்து வந்தது. வானைச் செய்தவர்கள் தரையின் மூலைகளிலும் கதவுகளின் அடியிலும் சின்னத் துளைகள் விட்டிருந்தார்களாம். மழைத் தண்ணீரோ மீன் தண்ணீரோ உள்ளே வந்தால் அதன் வழியாக இறங்கிப் போய்விடும். கறள் தின்ற ஓட்டைகளோடு சேர்த்து அந்தத் துளைகளையும் அண்ணன் அடைத்துவிட்டார். இப்போது உப்புத் தண்ணீர் உள்ளேயே தங்கி, உள்ளிருந்து தின்கிறது. கதவைத் தட்டிக் காட்டினார். குடத்துக்குள் தண்ணீர் ஆடுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது.

"உங்களுக்கு இது முதல்லயே தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப அண்ணன்ட்டச் சொல்லல்லையா?"

சிரட்டை மட்டும் போய் வந்தது.

"நான் சொல்றன்."

"நீ வாயத் திறக்கக் கூடாது. மச்சானுக்கு மனம் நோகும்" என்றார். அப்படி இறுக்கமான குரலில் இவர் என்னோடு பேசியதே இல்லை. சரி என்று விட்டேன். என் வாயைப் பற்றி ஊருக்கே தெரியும். அதைக் கட்டி வைத்திருந்ததே அந்த மாரியில் எனக்கு ஒரு தனி வேலையாகிவிட்டது. விடியற்காலைதோறும் இவர் இறைத்தார். நான் அடுப்படியில் நின்று, அந்தச் சிரட்டைச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டுப் பல்லைக் கடித்தேன். நீலப் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பத் தொடங்கியது.

மழை விட்டிருந்த ஒரு நாள் அண்ணன் வந்தார். கொப்புளத்தைக் கண்டவர் பெருவிரலால் அழுத்தினார். தகரம் உள்ளே போனது. அவர் முகம் செத்துப்போனது. தன் வேலையில் குற்றம் கண்டால் அவருக்குச் சோறு இறங்காது.

"எங்கயோ ஒழுகுது மச்சான். நான் எங்கயோ விட்டுட்டன். இந்த முறை ரெண்டு பூச்சாப் பூசி அடைப்பம்."

அந்தத் தரை இன்னொரு மாரிக்குத் தாங்காது என்பது எனக்கே தெரிந்தது. இரண்டு பூச்சுப் பூசி அடைத்தால் தை பிறக்கும் முன்னே வான் விறகுக்கும் உதவாது. இவருக்குத் தெரியாதா? நான் இவரைப் பார்த்தேன்.

"ஓம் மச்சான்" என்றார் இவர். சொல்லிவிட்டு, குங்கிலியம் காய்ச்ச அடுப்பு மூட்டவும் போய்விட்டார்! தேங்காய்ப் பொச்சுமட்டையை அடுக்கி, குனிந்து ஊதினார். தன் வானைக் கொல்லத் தானே நெருப்பு மூட்டுகிற மனிதனை நான் அன்றைக்குத்தான் கண்டேன்.

அந்த "ஓம்" என்னைக் கொளுத்திவிட்டது. அண்ணனின் வேலை ஆயுதங்கள் கிடந்த கூடைக்குள் கையை விட்டு, ஒரு சுத்தியலையும் கையில் அகப்பட்ட பெரிய ஆணியையும் எடுத்தேன். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வானுக்குள் ஏறினேன். மூலையில் ஆணியை வைத்து அடித்தேன். அண்ணனின் ஒட்டு லேசில் விடவில்லை. அவ்வளவு உறுதியான வேலை. கோபத்தில் இன்னும் ஓங்கி அடித்தேன்.

"என்னகா செய்யிறாய்? உனக்கென்ன பைத்தியமா?" என்று அண்ணன் ஓடி வந்தார்.

ஆணி இறங்கியது. பிடுங்கினேன். வானுக்கு அடியில் சிவப்புத் தண்ணீர் நூல் பிடித்த மாதிரி மணலில் கொட்டத் தொடங்கியது. இறங்கி வந்து கதவின் அடியிலும் ஒன்று குத்தினேன். அதிலிருந்து வந்த தண்ணீர் என் காலையெல்லாம் நனைத்தது. நாற்றம் வேறு.

அண்ணன் அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். தண்ணீர் ஓடுகிற விதத்தைப் படிக்கத் தெரியாதவர் அல்ல. யாரும் எதுவும் சொல்லாமலே அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"மச்சான், இது உங்களுக்குத் தெரியுமா?"

இவர் மூட்டிய அடுப்புக்குப் பக்கத்திலேயே நின்றார். கையில் ஊதுகுழல்.

"தெரிஞ்சா ஏன் சொல்லல்ல? உங்கட வான் தானே?"

"நீங்க கட்டின வீட்டுக்குள்ள படுத்தெழும்பிக்கிட்டு," என்றார் இவர், நிலத்தைப் பார்த்து, "உங்களுக்கு ஓட்டை அடைக்கத் தெரியாதெண்டு நான் எப்பிடி மச்சான் சொல்லுற?"

இத்தனை வருடம் ஒரே பாயில் படுத்தவர். என் வீடு, என் வளவு என்று வாய்க்கு வாய் சொல்லித் திரிந்தவள் நான். அந்தச் சொல் இவர் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று அன்று வரைக்கும் எனக்கு ஒரு நினைப்பும் வந்ததில்லை. சுத்தியலைக் கீழே வைக்கவும் தோன்றாமல் நின்றேன்.

அண்ணன் வானின் படியில் உட்கார்ந்தார். பிறகு, யாரிடமும் இல்லாமல், தன் காலைப் பார்த்துச் சொன்னார்.

"எங்கட வீட்டுக் குசினிக் கதவ என்ட பொஞ்சாதிட தமையன், மூத்த மச்சான்தான் போட்டவர். சரிவாப் போட்டுட்டார். நான் கலியாணம் முடிச்சுப் போன நாளையில இருந்து, அதத் தோளால தூக்கித்தான் சாத்துறன். உளி வைச்சா அரை நாள் வேலை."

அண்ணன் ஓடாவி. ஊருக்கெல்லாம் கதவு போட்டவர். அவருடைய பிள்ளைகளே அப்போது இளந்தாரிகள். நான் சிரிக்கவில்லை. யாருமே சிரிக்கவில்லை.

அண்ணன் எழும்பி, அடுப்பிலிருந்து அணைந்த கரித்துண்டு ஒன்றை எடுத்து இவரிடம் நீட்டினார்.

"எங்கெங்க ஓட்டை வேணும்? கீறிக் காட்டுங்க."

இவர் அதை வாங்கிக்கொண்டு வானுக்குள் ஏறினார். நான் குத்திய இடம் சரியில்லை என்று அதற்குப் பக்கத்தில் ஒரு வட்டம் போட்டார். எதிர் மூலையில் இன்னொன்று. பின்கதவோரம், அண்ணனின் ஒட்டிலேயே நல்ல பகுதிக்கு வந்தபோது கை நின்றுவிட்டது. அந்த இடத்தில் தகரம் அவ்வளவு அழகாகப் பொருந்தியிருந்தது. இவர் திரும்பி அண்ணனின் முகத்தைப் பார்த்தார். அண்ணன் தலையாட்டவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. உளியைக் கையில் பிடித்தபடி, சொன்னால் செய்கிற கூலிக்காரரைப் போலக் காத்துக்கொண்டு நின்றார்.

இவர் குனிந்து, அந்த ஒட்டின் நட்டநடுவில் வட்டத்தைப் போட்டார்.