ஐந்து புள்ளிகள்

"மெஷின் வெட்டுதுங்க" என்று அண்ணன் சொல்லும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். காரைக்கால் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் அவனுடைய ஸ்டிக்கர் கடை. வெட்டும் இயந்திரம் வந்த நாள் முதல் அதை இயக்கியவள் நான் ஒருத்திதான். பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் முடித்திருந்தேன். வரன் அமையும்வரை கடைக்குப் போய்வர வீட்டில் விட்டிருந்தார்கள். பைக் நம்பர், படகுப் பெயர், கண்ணாடியில் ஒட்டும் எழுத்து எல்லாம் நான் வரைந்தவை. இதையெல்லாம் செய்வது யார் என்று எவர் கேட்டாலும் அவனிடம் அந்த ஒரே பதில்தான்.

தவக்காலத்தில் ஒரு டீச்சரம்மா வந்தார். தங்கள் தலைமை ஆசிரியைக்குக் கொடுக்க, காகிதத்தை அடுக்கடுக்காக வெட்டி ஒட்டிய ஈஸ்டர் அட்டை வேண்டும் என்றார். அவர் போனதும் அண்ணனிடம் கேட்டேன்.

"இது நல்லா வந்துச்சுன்னா, டிசைன் எல்லாம் என் தங்கச்சி வேலைன்னு வர்றவங்ககிட்ட சொல்லணும். சரியா?"

"செய்யி பாப்பா. சொல்லாம எங்க போறேன்?"

நோட்டில் பட்டியல் போட்டேன். அடி அடுக்கில் மஞ்சள் வானம். அதன்மேல் குன்று. பிறகு மூன்று சிலுவைகள். பிறகு திறந்த கல்லறை, தள்ளி உருண்ட கல். எல்லாவற்றுக்கும் மேலே எழுத்து: உயிர்ப்பு விழா வாழ்த்துகள்.

எங்கள் இயந்திரம் ஸ்டிக்கருக்கானது, காகிதம் அதற்குப் பழக்கமில்லை. கடல் ஈரத்தில் காகிதம் வேறு ஊறியிருந்தது. முதல் சிலுவை கிழிந்தது, இரண்டாவதும் கிழிந்தது. ஒரு ஸ்டிக்கர் தாளைப் பசைப் பக்கம் மேலாக வைத்து, பசை அதிகம் பிடிக்காமலிருக்க முகப் பவுடரைத் தடவி, அதன்மேல் காகிதத்தைப் படியவைத்தேன். கத்தியின் அழுத்தத்தைக் குறைத்து இரண்டு முறை ஓடவிட்டேன். சுத்தமாக வந்தது. அடுக்குகளுக்கு நடுவே ஸ்பாஞ்ச் டேப் ஒட்டியதும் கல்லறைக்குள் நிழல் விழுந்தது.

எழுத்துகளையும் ஒட்டிவிட்டேன். மிச்சம் புள்ளிகள் மட்டும். அந்த மூன்று சொற்களில் ஐந்து புள்ளிகள், ஒவ்வொன்றும் ரவை அளவு. பாட்டில் மூடி ஒன்றில் போட்டு வைத்துவிட்டு, சாப்பிட வீட்டுக்குப் போனேன். ஊசி முனையில் எடுத்துத்தான் ஒட்ட வேண்டும், பசியில் கை நடுங்கக் கூடாது.

திரும்பி வந்தபோது டீச்சரம்மாவின் கையில் அட்டை இருந்தது.

"ரொம்ப அழகா இருக்கு தம்பி. ஆனா என்ன இது, 'உயிரபபு'ன்னு இருக்கு?"

"மெஷின்ல புள்ளி வராதுங்க டீச்சர்."

"வரும்" என்றேன் வாசலில் இருந்தே. "வெட்டி வச்சிருந்தேன். இந்த மூடில இருந்தது எங்க அண்ணே?"

"அதுவா? தூசின்னு ஊதிட்டேன்."

டீச்சரம்மா என்னைப் பார்த்தார். "நீயாம்மா செஞ்ச?"

நான் வாய் திறப்பதற்குள் அண்ணன் சிரித்தான். "கூடமாட ஒத்தாசை பண்ணுவா டீச்சர். வெட்டுறதெல்லாம் மெஷின்தான்."

உட்கார்ந்து ஐந்து புள்ளிகளை மறுபடி வெட்டினேன். ர, ப, ழ, த, ள என்று வரிசையாக, ஒவ்வொன்றின் தலையிலும் ஊசியால் வைத்தேன். கை நடுங்கவே இல்லை. டீச்சரம்மா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். போகும்போது, "தேங்க்ஸ்மா" என்று என்னிடம்தான் சொன்னார். அண்ணன் பில் புத்தகத்தைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டான்.

மறுநாள் நான் கடைக்குப் போகவில்லை. பதினொரு மணிக்கு வீட்டு போன் அடித்தது.

"பாப்பா, அந்த டீச்சர் இன்னும் பத்து அட்டை கேக்குறாங்க. ஞாயித்துக்கிழமைக்குள்ள வேணுமாம். அந்த ஃபைல எங்க வச்சிருக்க?"

"மெஷின்கிட்ட கேளு" என்று சொல்லி போனை வைத்தேன்.