போர்டுல இருக்கு

என் அக்கா வீட்டுக்காரர் வீட்டு பிளான் வரைகிறவர். ஊரில் பாதி வீடுகளுக்குச் சமையலறை எங்கே, மாடிப்படி எங்கே என்று தீர்மானித்தது மாமாவின் பென்சில்தான். சொந்த வீட்டில் மட்டும் ஓர் ஆணி அடிப்பதென்றாலும் முதலில் டிராயிங் போர்டில் வரைந்தாக வேண்டும். கதவு அளவுக்கு இருக்கும் அந்தப் பலகை, இரண்டு இரும்புக் கால்மேல் சாய்ந்தபடி பின்னறையை அடைத்துக்கொண்டு நிற்கும்.

"பரண் எப்பங்க போடுவீங்க?" என்று அக்கா கேட்டால், "போர்டுல இருக்கு" என்பார். குளியலறைத் தாழ்ப்பாளும் போர்டில்தான் இருந்தது. மேலிருந்து, பக்கத்திலிருந்து என்று விதவிதமாக வரைந்திருந்தார், அழகாகத்தான் இருந்தது. நாங்கள் உள்ளே சத்தமாகப் பாடிக்கொண்டே குளித்தோம். நாளடைவில் எங்கள் குடும்பத்தில் நடக்கவே நடக்காத காரியத்துக்கெல்லாம் அதுவே பேச்சாகிவிட்டது. என் கல்யாணத்தைப் பற்றி யாராவது விசாரித்தால் அக்காவே, "அதுவா, போர்டுல இருக்கு" என்பாள். கூடப் பிறந்தவள் பேசுகிற பேச்சா இது?

இந்த நிலையில் அவர்கள் மகள் ஃபோன் செய்தாள். புருஷனோடு ஒத்துவரவில்லையாம், கைக்குழந்தையோடு வந்துவிடுகிறாளாம். பின்னறையை அவளுக்குக் கொடுப்பது என்று முடிவாயிற்று. மாமா உட்கார்ந்து வரைந்தார். கட்டில், பீரோ, தொட்டில், கதவு திறக்கும் வளைவு, எதையும் விடவில்லை. எல்லாம் கச்சிதமாக அடங்கியது.

அவள் வருகிற அன்று நானும் மாமாவும் புதுக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு போனோம். பாதி உள்ளே போனது, அப்புறம் இம்மியும் நகரவில்லை.

"பிளான்படி போகணுமே!" என்றார் மாமா.

மாமா படத்தைப் பார்த்தார். அறையைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். மனுஷன் அறையில் இருந்த அத்தனையையும் வரைந்திருந்தார், படம் வரைந்த போர்டைத் தவிர.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அக்கா சிரிக்கவில்லை. "ஊருக்கெல்லாம் இடம் கண்டுபிடிச்சுக் குடுத்தீங்க. பெத்த பொண்ணுக்கு ஒரு கட்டில் போட இடமில்ல" என்றாள்.

அந்த நேரம் பார்த்து ஃபோன் அடித்தது. "அப்பா, பஸ்ஸ விட்டு எறங்கிட்டேன். எனக்கு இடம் இருக்குல்லப்பா?"

அவள் கேட்டது என் காதிலும் விழுந்தது. மாமா வழக்கமான பதிலைச் சொல்லிவிடப் போகிறாரே என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"இருக்கும்மா. நீ வா" என்றார்.

கட்டிலை வெளியே இழுத்தோம். போர்டு காலோடு வாசலில் நுழையாது; காலைக் கழற்றலாமென்றால் போல்ட்டெல்லாம் துரு. மாமா போய் ரம்பத்தை எடுத்துவந்தார். கோடுகூடப் போடவில்லை. சுவர் துளி சாய்ந்தாலும் கொத்தனாரோடு சண்டைக்குப் போகிற மனுஷன், பலகையைக் கோணல்மாணலாக அறுத்துத் தள்ளினார்.

"ஐயோ, அதப் போயி அறுக்கறீங்களே!" என்று அலறியது யார் என்று நினைக்கிறீர்கள்? அதைத் தூக்கி எறியச் சொல்லி இத்தனை வருஷம் கரடியாய்க் கத்திய என் அக்காதான். மாமா நிமிரவே இல்லை. ஒரு காலும் பாதிப் பலகையுமாக ஆளுக்கொரு துண்டை வெளியே கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, கட்டிலை உள்ளே போட்டோம்.

மகள் வந்தாள். நேரே போய்க் கட்டிலில் பிள்ளையைக் கிடத்தினாள், பக்கத்தில் தானும் சாய்ந்தாள், தோள்பையைக்கூடக் கழற்றாமல் தூங்கிப்போனாள். மாமா சட்டையெல்லாம் மரத்தூளோடு அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். நான் ஏதோ கேலி பேச வாயெடுத்தேன்.

"சத்தம் போடாதடா," என்றார். "பொண்ணு தூங்கறா."