ஆளுக்கொரு மேஸ்

கோணேசர் கோயிலுக்குப் போவதென்றால் கோட்டை வாசலுக்குள்ளால்தான் போகவேண்டும். திருகோணமலையில் பிறந்த நான் எத்தனையோ வெள்ளிக்கிழமைகளில் அந்த வாசலைக் கடந்து போய் வந்திருக்கிறேன். கையில் அர்ச்சனைத் தட்டு, என் கண் மான்களில். அங்கே திரிகிற மான்களுக்குத் தட்டிலுள்ள வாழைப்பழத்தில் கண். இந்த அவசரத்தில் மதிலை யார் பார்த்தது? என்னைப் பார்க்க வைத்தவள், என்னோடு ஒரே கந்தோரில் வேலை செய்கிற கிண்ணியாச் சிநேகிதி. நேரில் நாங்கள் ஒருவரையொருவர் ‘நீங்கள்’ என்றுதான் கதைப்போம். எழுதும்போது மட்டும் அவள் என்றுதான் வருகிறது.

ஒரு நாள் மத்தியான இடைவேளையில் கோயிலுக்குப் போனேன். கூட வந்த அவள் கோட்டை வாசலடியில் நின்றுகொண்டாள். நான் விபூதியோடு திரும்பி வந்தபோது மதிலில் கையை வைத்துக்கொண்டு ஏதோ யோசனையில் இருந்தாள்.

“அக்கா, இந்த மதில் எவ்வளவு மொத்தம் எண்டு பாத்திரிக்கீங்களா?”

“கோட்டை மதில் எண்டா மொத்தமாத்தான் இருக்கும். வாங்கோ, பசிக்குது.”

விடவில்லை. வாசலுக்குள் என்னைச் சுவரோடு நிறுத்திக் கைகளை நீட்டச் சொன்னாள். என் விரல்நுனியில் தன் விரல்நுனியை வைத்து அவளும் கைகளை விரித்தாள். இரண்டு பேரும் நீட்டியும் மதிலின் மொத்தம் முடியவில்லை. கோயிலுக்குப் போனவர்கள் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு போனார்கள். வெட்கமாக இருந்தாலும் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அன்று பிடித்தது அந்தப் பைத்தியம். பௌர்ணமிக்குப் போயா லீவு வந்தால் நாங்கள் இரண்டு பேரும் பஸ் ஏறிவிடுவோம். காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம் என்கிற தூரத்தில் பழைய கல் எங்கே கிடந்தாலும் எங்களுக்குப் போதும். வில்கம் விகாரையின் செங்கட்டி அத்திவாரங்களுக்கு நடுவில் நின்று, துறவிகள் எந்த அறையில் படுத்திருப்பார்கள், எதில் சமைத்திருப்பார்கள் என்று வாக்குவாதப்படுவோம். குச்சவெளியில் கடலோரப் பாறையில் ஏறுவோம். அவள் ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் கொண்டுவருவாள், நான் பிளாஸ்கில் பிளேன்ரீ. என் வீட்டுக்காரர் தொலைக்காட்சியை விட்டு எழும்பமாட்டார். அவளுடைய வீட்டில் எல்லாரும் ஆண்கள், எல்லாருக்கும் கடலும் தோணியும்தான். ஆகவே எனக்கு அவள், அவளுக்கு நான். அதில் நான் எவ்வளவு பெருமைப்பட்டேன் என்பது அப்போது எனக்கே தெரியாது.

அந்தப் பயணங்களில் திரியாய் மலைதான் என்னுடையது. அந்த மலை யாருக்குச் சொந்தம் என்று சண்டை பிடிக்க வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் சொல்வது வேறு கணக்கு. பஸ் பிந்தியதால் முதல் தடவை நாங்கள் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். மேலே பழைய விகாரை, ஆகவே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏறவேண்டும். முதற் படியில் கால் வைத்தேன், தோசைக்கல்லில் வைத்த மாதிரி இருந்தது.

“ஐயோ, என்னால ஏலாது. நான் இஞ்ச இருக்கிறன். நீங்கள் போய்ப் பாத்திட்டு வாங்கோ.”

“தனியப் போறதுக்கா உங்களக் கூட்டி வந்த?” என்றாள்.

அவள் வெளியே புறப்பட்டால் அபாயாவோடு காலுக்கு மேஸும், அதுதான் காலுறையும், போடுகிறவள். கால் வெளியே தெரிவது அவளுக்குப் பிடிக்காது. அப்படிப்பட்டவள் மரத்தடியில் குந்தி, வலது கால் மேஸைக் கழற்றி என்னிடம் நீட்டினாள்.

“இந்தாங்க. ஆளுக்கொண்டு.”

என் கால் பெரியது. அந்த மேஸ் குதிக்கால்வரை எட்டவில்லை. மேஸ் போட்ட காலை அழுத்தி ஊன்றி, வெறுங்காலைத் தொட்டும் தொடாமலும் எடுத்து, இரண்டு கிழவிகளும் நொண்டி விளையாடுகிற பிள்ளைகள் போல அந்த மலையில் ஏறினோம். வெள்ளை உடுத்து வந்த யாத்திரீகர்கள் வழிவிட்டு நின்று பார்த்தார்கள். உச்சியில் வட்டமாக நிற்கிற கல்தூண்களையும் அப்பால் நீலமாகக் கிடந்த கடலையும் கண்டபோது எங்களுக்கு மூச்சு வாங்கியது, ஏறியதாலல்ல, சிரித்ததால்.

பிறகும் சில தடவை திரியாய்க்குப் போனோம். மேஸ் வாங்க எனக்கு வழியில்லாமல் இல்லை. நான் வாங்கவில்லை. அவளும் இன்னொரு சோடி கொண்டுவரவில்லை. மரத்தடியில் குந்துவாள், ஒன்றைக் கழற்றுவாள், நான் கையை நீட்டுவேன். அது எங்கள் வழக்கமாகிவிட்டது.

இந்த வருடம் வெருகலிலிருந்து ஒரு பெண் எங்கள் கந்தோருக்கு மாற்றலாகி வந்தாள். சின்ன வயது. கெட்டிக்காரி, மரியாதை தெரிந்தவள், குறை சொல்ல ஒன்றும் கிடையாது. அதுதான் எனக்குப் பெரிய கரைச்சல். குறை இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டாவது நிம்மதியாக இருந்திருப்பேன்.

வந்த மாதமே என் சிநேகிதி அவளை “மகள்” என்று கூப்பிடத் தொடங்கினாள். என்னை இத்தனை காலமும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறாள். அக்கா என்று சந்தையில் கத்தரிக்காய் விற்கிறவனும் கூப்பிடுகிறான். மகள் என்பது அப்படியா? ரொட்டியில் பாதி அந்த மேசைக்குப் போனது. பழைய கல்லைப் பற்றிய கதையும் அங்கே போனது. நான் தலையைக் குனிந்து வேலை செய்தேன், காது மட்டும் அந்தப் பக்கம்.

ஒரு திங்கட்கிழமை அந்தப் பெண் தன் போனைக் கொண்டுவந்து காட்டினாள். கோட்டை வாசல். சுவரோடு சாய்ந்து கைகளை விரித்துக்கொண்டு அவளும் என் சிநேகிதியும், விரல்நுனியோடு விரல்நுனி.

“வடிவான படம்,” என்றேன்.

“ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு விரதம் எண்டு சொன்னீங்கதானே அக்கா, அதான் கூப்பிடல்ல,” என்றாள் சிநேகிதி.

விரதம்தான். ஆனால் விரதக்காரி மதில் பார்க்கக் கூடாது என்று எந்தச் சாத்திரத்தில் இருக்கிறது? வீட்டுக்குப் போய்த் தேங்காய் துருவினேன். சிரட்டையும் சேர்ந்து துருவுப்பட்டது. வீட்டுக்காரர் குசினி வாசலில் வந்து நின்று, “என்ன, தேங்காயோட ஏதும் கோவமோ?” என்றார். பொறாமை என்று சொன்னால் சிரிப்பார். காதலன் போனவள் அழலாம், அவளுக்கு ஊரே இரங்கும். சிநேகிதி போனவளுக்கு யார் இரங்குகிறார்கள்?

அடுத்த வாரம் சிநேகிதி சொன்னாள்: “போயாக்குத் திரியாய் போவம் அக்கா. மகள் இன்னம் பாக்கல்ல.”

என் மலை! வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் நான் போகாவிட்டாலும் அவர்கள் போவார்களே என்ற பயத்தில் “ஓம்” என்றேன். அன்று பின்னேரமே கடைக்குப் போய் நல்ல தடித்த வெள்ளை மேஸ் ஒரு சோடி வாங்கினேன். இனி ஒருத்தருடைய மேஸும் எனக்கு வேண்டாம். நான் அதைப் போடுகிறபோது அவள் பார்க்கவேண்டும், பார்த்து மனம் நோகவேண்டும். அந்தப் பெண்ணிடம் கல் சுடும் என்று நான் சொல்லவில்லை. சுடட்டும் என்று இருந்தேன்.

போயாவன்று நல்ல வெயில். அடிவாரத்தில் செருப்பைக் கழற்றினோம். அந்தப் பெண் படியில் கால் வைத்து “ஆ!” என்று பின்வாங்கினாள். என் சிநேகிதி வழக்கமான மரத்தடியில் குந்தினாள். வலது கால் மேஸைக் கழற்றினாள். கழற்றி, அந்தப் பெண்ணைப் பார்க்காமல், நேரே என் பக்கம் கையை நீட்டினாள்.

“இந்தாங்க அக்கா.”

நான் ஏற்கெனவே பையைத் திறந்துவிட்டேன். புது மேஸ் கையில் இருந்தது, கடை ஒட்டுத்தாள்கூடக் கிழிக்கவில்லை.

“எனக்கு இருக்கு,” என்றேன்.

அவள் என் கையைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். நீட்டிய கை சற்று நேரம் அப்படியே நின்றது. பிறகு அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பி, “அப்ப இந்தாங்க மகள். ஆளுக்கொண்டு,” என்றாள்.

அவர்கள் முன்னால் நொண்டி நொண்டி ஏறினார்கள். ஒருத்தி வழுக்க மற்றவள் பிடித்தாள். ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, நாங்கள் சிரித்த அதே இடத்தில் நின்று சிரித்தார்கள். நான் இரண்டு காலிலும் தடித்த மேஸோடு ஒரு குறையுமில்லாமல் பின்னால் ஏறினேன். நடுவழியில் சிநேகிதி திரும்பி, “கால் சுடுதா அக்கா?” என்று கேட்டாள். இல்லை என்றேன்.

தூண்களடியில் நிழல் தேடி இருந்து ரொட்டி சாப்பிட்டோம். துறவிகள் எங்கே சமைத்திருப்பார்கள் என்று அந்தப் பெண் கேட்டாள். சிநேகிதி என்னைப் பார்த்து, “அக்காட்டக் கேளுங்க, நாங்க அதுக்குப் பெரிய சண்டையெல்லாம் போட்டிரிக்கம்,” என்றாள். நான் மறந்துபோச்சு என்றேன். மறக்கவில்லை. பின்னேரமானதும் கடற்பக்கமாக முகில் கறுத்து ஒரு தூறல் விழுந்தது. நாங்கள் உச்சியிலேயே நின்ற ஒரு மரத்தடிக்கு ஓடினோம். தூறல் விட்டதும் அவர்கள் பையை எடுத்துக்கொண்டு முன்னால் இறங்கத் தொடங்கினார்கள்.

நான் செருப்பில்லாத காலில் எதையோ சரிசெய்வதுபோலக் குனிந்து, வலது கால் மேஸைக் கழற்றிப் பைக்குள் திணித்தேன். ஏன் என்று என்னைக் கேட்கவேண்டாம். வெறுங்காலைத் தொட்டும் தொடாமலும் வைத்து, மற்றதை அழுத்தி ஊன்றி, நானும் நொண்டி நொண்டி இறங்கினேன். ஏழெட்டுப் படி இறங்கிய பிறகுதான் தெரிந்தது, கல் சுடவில்லை. மழைக்கு ஆறிக் குளிர்ந்துபோய் இருந்தது.

கீழே பார்த்தேன். என் சிநேகிதி தன் மேஸைத் திருப்பி வாங்கி இரண்டு காலிலும் போட்டிருந்தாள். அந்தப் பெண் வெறுங்காலோடு சுகமாக நடந்தாள். நான் நொண்டுகிற சத்தம் கேட்டோ என்னவோ சிநேகிதி திரும்பினாள். என் கால்களைப் பார்த்தாள்.

“என்ன அக்கா, ஒண்டோட வாறீங்க? கல்லு ஆறிட்டே.”

“சும்மா,” என்றேன்.