சுழலின் ஓரத்தில் ஒரு வால்

தலையணை உறையை உதறி, சுருக்கம் நீவி, தொலைநோக்கியின் வாயில் இழுத்துக் கட்டுகிறார் பல்செட்காரர். வானம் இப்போதுதான் வெளுத்திருக்கிறது. துணி வழியே வரும் வெறும் வெள்ளையைத் திரும்பத் திரும்பப் படமெடுக்கிறார். பார்க்கிறவர்களுக்குப் பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் கேமராவில் தூசு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதை இந்த வெள்ளைப் படங்கள் காட்டிக்கொடுத்துவிடும். இரவில் எடுத்த படங்களில் விழுந்த அந்தத் தூசின் நிழலைக் கம்ப்யூட்டர் பிறகு நீக்கிவிடும்.

"ஏங்க, மறுபடியும் என் தலையணையைத்தான் உரிச்சீங்களா?" கீழேயிருந்து மனைவி.

"உன்னுதுதான் பளிச்சுனு இருக்கு," என்கிறார் இவர், ஏதோ பாராட்டுகிற மாதிரி.

பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளை வைத்துப் பொய்ப்பல் செய்வது அவருடைய தொழில். அதில் ஆள் கில்லாடி. பக்கத்துப் பல்லில் டீக்கறை இருந்தால் புதுப் பல்லிலும் அதே கறையை வைத்துவிடுவார். எது அசல் என்று பல்லின் சொந்தக்காரருக்கே மறந்துபோகும். யாராவது சிரித்தால் முகத்தைப் பார்க்க மாட்டார், பல்லைத்தான் பார்ப்பார். ஒரு விருந்தில், "மேல் வரிசையில ரெண்டு நம்ம சரக்கு" என்று மனைவியின் காதில் கிசுகிசுத்தது அந்த மனிதருக்கே கேட்டுவிட்டது. வீடு திரும்பும் வழியெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

விடுமுறை நாளில் திரைச்சீலையை இழுத்துவிட்டுக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தால் சாப்பாடுகூட ஆறித்தான் போகும். வானத்தின் ஒரே மூலையை எடுத்த படங்கள் வரிசையாக வரும். "இது ஆடிப்போச்சு. இதுல பிளேன் போகுது. இது வேண்டாம்" என்று முனகிக்கொண்டே கழிப்பார். தேறியவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், படத்துக்குப் படம் இடம் மாறும் பொய்ப்புள்ளிகள் அடிபட்டுப் போகும். வானத்தில் நிஜமாக இருப்பது மட்டும் மெல்ல மேலே வரும். "ஒருத்தர் சொன்னா நம்பக் கூடாது. அத்தனை பேரும் ஒண்ணுபோலச் சொன்னா நம்பலாம்" என்பது அவர் தரும் விளக்கம். பகலெல்லாம் பொய்யை நிஜமாகக் காட்டும் மனிதர் இந்த அறையில் மட்டும் இம்மியளவு பொய்யையும் பொறுக்க மாட்டார்.

இந்தப் பொழுதுபோக்கை மனைவி சகித்துக்கொண்டாள், அவ்வளவுதான். எல்லாப் படமும் அவளுக்குக் கறுப்புத்துணியில் சிந்திய மாவு. போன வருஷம் எடுத்த, நட்சத்திரங்கள் சுழலாகத் திரண்ட ஒரு கேலக்ஸியின் படத்துக்கு முன்னால் மட்டும் நின்றுவிட்டாள். சுழலின் ஓரத்திலிருந்து வளைந்து நீண்ட ஒரு வெளிர்வால். அதுதான் அவளைப் பிடித்து நிறுத்தியது. அந்த வால் எப்படி வந்தது என்று அவரே கதையும் சொன்னார். அதைச் சட்டம் போட்டுச் சாப்பாட்டு மேசைக்கு எதிரே மாட்டியவள் அவள்தான்.

வருகிறவர்களிடமெல்லாம் காட்டுவாள். "சின்ன கேலக்ஸி ஒண்ணு இதுகிட்ட வந்து இருந்துட்டுப் போயிருக்கு. போறப்ப இதையும் கொஞ்சம் இழுத்துக்கிட்டே போயிருக்கு. எவ்வளவு தூரம் போனாலும் ஒட்டு விடல பாருங்க." அவர்களுடைய ஒரே மகள் வேலைக்காக விமானம் ஏறியதும் அந்த வருஷம்தான். யாரை நினைத்துச் சொல்கிறாள் என்று அவருக்குத் தெரியும்.

இந்த மாதம் வானியல் மன்றத்திலிருந்து அதே படத்தைக் காலண்டருக்குக் கேட்டார்கள். பெரிதாக அனுப்பலாம் என்று பழைய படங்களை முதலிலிருந்து அடுக்கினார். இடையில் ஏதோ தோன்றி, வெள்ளைப் படங்களை மட்டும் மாற்றி, அடுத்த தடவை எடுத்தவற்றைப் போட்டுப் பார்த்தார். வால் காணவில்லை.

கேலக்ஸியை எடுத்த அன்று விடியற்காலையில் தூறல். வெள்ளைப் படம் எடுக்கச் சோம்பி, முந்தைய தடவை எடுத்ததையே போட்டிருந்தார். நடுவில் கேமராவைத் துடைத்ததை மறந்துபோனார். பழைய வெள்ளைப் படத்தில் ஒரு நூலிழையின் நிழல் இருந்தது, கேலக்ஸியை எடுத்தபோது கேமராவில் அந்த நூல் இல்லை. இல்லாத நிழலைக் கம்ப்யூட்டர் சிரத்தையாக நீக்க, அந்த இடம் வெளுத்து வாலாகிவிட்டது. ஒவ்வொரு படத்திலும் அதே இடத்தில். சாட்சிகள் அத்தனை பேரும் ஒரே பொய்யைச் சொல்லியிருக்கிறார்கள், சொல்லிக்கொடுத்தது இவர். மற்றவர்கள் எடுத்த படங்களில் வால் இல்லாததைக் கண்டு, நம் கைவண்ணம் அவர்களுக்கு வராது என்று தன்னையே மெச்சிக்கொண்டதும் இவர்தான்.

மன்றச் செயலாளருக்கு உடனே போன் போட்டார். "அதைப் போட்டுடாதீங்க. அந்த வால் பொய். வெறும் நூல்."

"அழகா இருக்கே சார். யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரிஞ்சுபோச்சே."

மன்றத்துக்குச் சொன்னது சுலபமாக முடிந்தது. வீட்டில்தான் வாய் வரவில்லை. சொல்லாவிட்டால் அவள் வருகிறவர்களுக்கெல்லாம் தூசைக் காட்டிக்கொண்டிருப்பாள். சொன்னால், அவருடைய வேலையில் அவள் பிரியம் வைத்த ஒரே ஒரு பொருளும் போய்விடும். திருத்திய படத்தை அதே அளவில் சட்டம் போட்டு, பீரோவுக்குப் பின்னால் ஒளித்துவைத்துக்கொண்டு சில நாள் தவித்தார்.

ஒரு மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு பழையதை இறக்கி மேசைமேல் வைத்தார். புதியதை நாற்காலியில் சாய்த்தார். நூல் கதையை முழுக்கச் சொன்னார்.

அவள் புதிய படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப யாரும் வந்துட்டுப் போகலையா?"

"இல்ல."

"இது தனியா இருக்கு."

"நிஜம் அதுதாம்மா. தப்பு என்னோடது."

"உங்க நிஜத்தை உங்க ரூம்ல மாட்டிக்கோங்க." கோபமில்லாமல்தான் சொன்னாள். பழைய படத்தைத் தூக்கி, எக்கி, தானே ஆணியில் மாட்டினாள். தட்டுகளை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

படம் ஒரு பக்கம் சரிந்து தொங்கியது. வாலையும் சுழலையும் பார்த்தார். எழுந்து படத்தருகே போனார். தலையைச் சாய்த்து அளவு பார்த்தார். சட்டத்தின் இடது மூலையை ஒற்றை விரலால் மெல்ல மேலே தள்ளி நேராக்கினார்.