செத்தவள் பேசிய வார்த்தை

டப்பிங் தியேட்டரில் அவளுக்கு உறுமலக்கா என்று பெயர். அங்கே தமிழுக்கு மாற்றும் ஒரு வெளிநாட்டு ஜாம்பித் தொடரில் செத்துப்போய் எழுந்து நடக்கும் பெண்கள் அத்தனை பேருக்கும் பதினோரு சீசனாக உறுமியது அவள் ஒருத்திதான். அதற்கு முன்னால் கும்பல் குரல் கொடுத்துக்கொண்டிருந்தாள். சண்டைக் காட்சியில் வீல் என்று கத்துவது, விபத்துக் காட்சியில் நாலு பேரோடு சேர்ந்து அலறுவது. யார் வேண்டுமானாலும் உறுமலாம் என்று நினைத்துவிட வேண்டாம். மற்றவர்கள் மூச்சை வெளியே விட்டு உறுமுவார்கள். நாய் மாதிரி இருக்கும். இவள் மூச்சை உள்ளே இழுத்தபடி உறுமுவாள். கேட்டால், "செத்தவங்ககிட்ட வெளிய விட மூச்சு ஏது?" என்பாள்.

வேலைக்கு வேலை, அதற்கு மேல் அந்தத் தொடர் என்றால் அவளுக்குப் பைத்தியம். லிஃப்ட் மெக்கானிக்கான கணவரையும் பிடித்து உட்கார வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பார்ப்பாள். மூன்றாவது சீசனில் நாயகன், "இவனுக்கு என்னை அடையாளமே தெரியாது, இவன் என் தம்பியே இல்ல" என்று சொல்லி, செத்தெழுந்த சொந்தத் தம்பியை வெட்டினான். அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அதனால்தான் கடைசி சீசனின் வசனத் தாளைப் பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது. கடைசிப் பகுதியில், செத்தெழுந்த தாய் ஒருத்தி தன் மகளை அடையாளம் கண்டு "ஓடு" என்கிறாளாம்.

"அடையாளம் தெரியும்னா அந்தத் தம்பியை எதுக்கு சார் வெட்டினாங்க? அது கொலை இல்லையா?" என்று டப்பிங் டைரக்டர் மேல் பாய்ந்தாள்.

"எழுதினவனைப் போய்க் கேளுங்கக்கா. என்கிட்ட ஏன் எகிர்றீங்க?"

தாளில் இன்னொன்றும் இருந்தது. உறுமல்களுக்கு நேராக இவள் பெயர். "ஓடு" என்ற வார்த்தைக்கு நேராக, நாயகிகளுக்கெல்லாம் பேசும் குரல்காரியின் பெயர்.

வயிறு எரிந்தது. அந்த வார்த்தையே வரக்கூடாது என்றவளுக்கு, வந்தால் தன் வாயிலிருந்துதான் வரவேண்டும் என்றும் இருந்தது. இரண்டும் எப்படி ஒரே மனசுக்குள் இருக்கும் என்று கேட்காதீர்கள்; இருந்தது. தொண்டை கிழியப் பதினோரு வருடம் உறுமியவளுக்கு ஒரே ஒரு வார்த்தை கொடுக்க அவர்களுக்கு மனசு வரவில்லையே!

குரல்காரி வந்தாள், மணி அடித்த மாதிரி "ஓடு" என்றாள், போனாள். சவுண்ட் இன்ஜினியர் ஒட்டிப் பார்த்தார். உறுமல் முடிந்து வார்த்தை தொடங்கும் இடத்தில் வேறு யாரோ குறுக்கே பேசியது போலிருந்தது. வேறு வழியில்லாமல் டைரக்டர் இவளைக் கூப்பிட்டார்.

மைக் முன்னால் நின்றாள். திரையில் அந்தத் தாயின் வாய் குவிந்ததும் மூச்சை உள்ளே இழுத்தாள். "ஓ" நீண்டு வந்தது. "டு" தொண்டைக்குள்ளேயே விழுந்துவிட்டது.

"பிரமாதம்க்கா! ஆனா டு கேக்கல. கடைசில மட்டும் மூச்சை வெளிய விட்டுச் சொல்லுங்க."

"மாட்டேன் சார்."

"ஒரே ஒரு டு தானக்கா!"

"செத்து நாலு மாசம் ஆனவளுக்கு டு வராது. அவளைப் பேச வெச்சதே அநியாயம். இதுல உச்சரிப்பு வேற சுத்தமா இருக்கணுமா?"

ஆறு முறை எடுத்தார்கள். ஆறு முறையும் டு உள்ளேதான் போனது. டைரக்டர் தலையில் அடித்துக்கொண்டு, "சரி, நான் பாத்துக்கறேன்" என்றார். இவள் வீட்டுக்கு வந்து, "வார்த்தை எனக்குத்தான்" என்று கணவரிடம் பீற்றிக்கொண்டாள்.

கடைசிப் பகுதி வெளியான ஞாயிற்றுக்கிழமை இருவரும் உட்கார்ந்து பார்த்தார்கள். தாய் வாயைத் திறந்தாள். "ஓ" இவளுடையது. அதன் வாலில் கணீரென்று ஒரு "டு". அது குரல்காரியுடையது.

"பாவிங்க, ஒட்டிட்டாங்க!" என்று எழுந்தே விட்டாள்.

கணவர் மெதுவாக, "நீயே அந்த டுவைச் சொல்லியிருந்தா முழுசும் உன்னோடதா இருந்திருக்குமே" என்றார்.

"இருந்திருக்கும். ஆனா அவ செத்தவளா இருந்திருக்க மாட்டாளே."

திரையில் மகள் ஓடாமல் அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். பின்னால் கூட்டம் நெருங்கிக்கொண்டிருந்தது. இவளுக்குக் கோபம் துளியும் ஆறவில்லை. அதோடு பாழாய்ப்போன அழுகையும் வந்து தொலைத்தது.

"நிக்காதடி! ஓடு! ஓடு!" என்று கத்தினாள்.

டு பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும்.