நான் முன்கூட்டிப் படிக்காத பக்கம்

நாங்கள் பாம்பனில் இருக்கிறோம். விசைப்படகில் மீன்பிடிக்கப் போகும் என் கணவர், எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு, இலங்கைச் சிறையிலிருந்து சமீபத்தில்தான் திரும்பினார். அவர் உள்ளே இருந்த நாட்களில் எங்கள் ஏழு வயது மகள், "இலங்கைக்காரங்க எல்லாருமே கெட்டவங்கம்மா" என்று சொல்லத் தொடங்கியிருந்தாள். அது மனதில் வேரூன்றிவிடக் கூடாதே என்று, யாழ்ப்பாணத்துச் சிறுமி ஒருத்தியின் படக்கதையை நூலகத்திலிருந்து எடுத்து வந்தேன். முன்கூட்டிப் படித்துப் பார்க்காதது என் தவறு.

கணவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மகளுக்கு வாசித்தேன். கதையின் நடுவில், இந்தியாவிலிருந்து வந்த பெரிய படகு ஒன்று அந்தச் சிறுமியின் அப்பா விரித்த வலையை அறுத்துக்கொண்டு போகிறது.

மகள் திரும்பி, "அப்பா, அந்தப் போட்டு நம்மளதா?" என்று கேட்டாள்.

சிறையிலிருந்து வந்தவரை மகள் முன்னால் குற்றவாளியாக்கிவிட்டேனோ? புத்தகத்தை மூடப் போனேன்.

"மூடாத" என்றார். பிறகு, "இருட்டுல யாரு வலைன்னு தெரியாது தாயி. நம்ம போட்டுலயும் அறுந்திருக்கும்" என்றார்.

"அந்தப் புள்ளைக்கு வேற வலை கெடச்சுச்சா?"

"எனக்கென்ன தெரியும்? ஒங்கம்மாவ மிச்சத்தப் படிக்கச் சொல்லு."

படித்தேன். கடைசிப் பக்கம்வரை நிறுத்தவில்லை.

இப்போதெல்லாம் எந்தப் புத்தகத்தையும் முதலில் தனியாகப் படித்துவிடுகிறேன். ஆனால் மகளுக்கு வாசிக்கும்போது எந்தப் பக்கத்தையும் தாண்டிப் போவதில்லை. செய்வது சரிதானா என்று இன்னும் தெரியவில்லை.

அவர் கடலுக்குக் கிளம்பும்போது, "சீக்கிரம் வாங்கப்பா" என்பாள் மகள். இப்போது, "அவங்க வலையப் பாத்துப் போங்க" என்றும் சேர்த்துச் சொல்கிறாள்.